அந்தி விளக்கும் கண்டாங்கிச் சேலையும்

நுழையும்முன்

அரசர்களின் போர்களையும் கொடைகளையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. வணிகர்களின் வரவுசெலவுகளைக் கணக்கேடுகள் கூறுகின்றன. வீட்டுப் பெண்கள் நாள்தோறும் உடுத்திய சேலையைப் பற்றிக் கூறுவதற்கு எந்தக் கல்லும் வெட்டப்படவில்லை. ஆயினும், ஒரு காலத்தின் உழவு, நெசவு, சாயத்தொழில், கடல்வணிகம், குடும்ப வாழ்க்கை ஆகிய அனைத்தும் அந்தச் சேலையின் இழைகளில் கலந்துள்ளன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செட்டிநாட்டுப் பெண்கள் மாலைப்பொழுதில் எவ்வாறு உடுத்தினர், எவற்றை அணிந்தனர் என்பதையும் அவ்வுடைக்குப் பின்னால் இருந்த உழைப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

மாலை என்னும் பொழுது

தமிழர் ஒருநாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மாலை, முல்லைத் திணைக்கு உரியது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, மழை மூடிய ஒருநாளின் மாலையைக் காட்டுகிறது. கதிரவனைக் காண இயலாத அந்நாளில், தட்டில் இட்டு வைத்த பிச்சியின் அரும்பு மலர்ந்து மணம் வீசுவதைக் கொண்டு பெண்கள் மாலை வந்ததை அறிகின்றனர். இரும்பு விளக்கில் திரியிட்டு ஏற்றி, நெல்லும் மலரும் தூவி வணங்குகின்றனர். மாலைப்பொழுதுக்கும் பூவுக்கும் விளக்குக்கும் பெண்களுக்கும் இடையே உள்ள தொடர்பு, தமிழகத்தில் இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மை உடையது என்பதற்கு இக்காட்சி சான்றாகிறது.

மின்விளக்கு இல்லாத காலத்தில் மாலை என்பது விளக்கேற்றும் நேரமே. முகம் கழுவி, கூந்தலை வாரி முடித்து, பூச்சூடி, விளக்கேற்றுவது இல்லங்களின் வழக்கமாக இருந்தது. ‘விளக்கு வைக்கும் நேரம்’ என்று இன்றும் முதியோர் பொழுதைக் குறிப்பிடுவதில் அவ்வழக்கம் எஞ்சி நிற்கிறது.

இதே காலத்தில் ஐரோப்பாவின் செல்வக் குடும்பங்களில் மாலைக்கென்றே தனி உடை வகுக்கப்பட்டிருந்தது. பகலில் ஓர் உடை, இரவு விருந்துக்கும் நடனத்துக்கும் வேறோர் உடை எனப் பெண்கள் மாற்றி உடுத்தினர். தமிழகத்தில் உடையைப் பகுத்த முறை வேறு. இங்கே பகலுடை, மாலையுடை என்னும் பிரிவு இல்லை. அன்றாட உடை, விழாக்கால உடை என்பதே பிரிவு. அன்றாடத்திற்குப் பருத்தியும் மங்கல நாள்களுக்குப் பட்டும் உரியனவாக இருந்தன. ஆதலால், செட்டிநாட்டுப் பெண்களின் மாலைக்கோலத்தை அறிய விரும்புவோர், அவர்களின் அன்றாட உடையாகிய கண்டாங்கியிலிருந்தே தொடங்க வேண்டும்.

சான்றுகள் எவை?

பருத்தித் துணி நெடுநாள் நிலைப்பதில்லை. உடுத்தி உடுத்தி நைந்த சேலை தொட்டிலாகும், பின்னர்க் கந்தலாகும், இறுதியில் விளக்குத் திரியாகும். எனவே, இருநூறு ஆண்டுப் பழமையான அன்றாடச் சேலைகள் கிடைப்பது அரிது. ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839ஆம் ஆண்டில்தான். அதற்கு முந்திய உடைகளை அறிய வேறு சான்றுகளை நாட வேண்டியுள்ளது.

முதலாவது சான்று, கம்பெனி ஓவியங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர்கள் விரும்பி வாங்கியதால், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் பல்வேறு தொழில் செய்வோரைக் கணவனும் மனைவியுமாக இணைத்துத் தாளில் வரைந்தனர். சேலையின் கட்டமும் கோடும், உடுத்திய முறையும், காதணியும் வளையலும் அவ்வோவியங்களில் நுணுக்கமாகத் தீட்டப்பட்டுள்ளன. இரண்டாவது சான்று, அயலவர் குறிப்புகள். 1792 முதல் 1823 வரை தென்னிந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சுத் துறவி துய்புவா, இந்நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதிய நூலில் உடையையும் அணிகலன்களையும் விவரித்துள்ளார். 1800, 1801 ஆகிய ஆண்டுகளில் மைசூர், கொங்கு, மலபார்ப் பகுதிகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், நெசவாளர்களைப் பற்றியும் சாயமிடும் முறைகளைப் பற்றியும் பதிவு செய்துள்ளார். மூன்றாவது சான்று, பொன் அணிகலன்கள். துணி நைந்தாலும் பொன் நிலைத்திருக்கும். நான்காவது சான்று, நெசவாளரின் நினைவு. தந்தை மகனுக்குக் கற்பித்த இழைக்கணக்கு எழுதா ஏடாகத் தொடர்ந்து வந்துள்ளது.

இச்சான்றுகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. ஓவியர் வாங்குபவரின் விருப்பத்திற்கேற்ப வரைந்தார். அயலவர் தம் நாட்டுக் கண்ணோட்டத்தில் எழுதினார். அணிகலன் செல்வரைப் பற்றியே பேசுகிறது. ஒன்றின் குறையை மற்றொன்றால் நிறைவு செய்தே வரலாற்றை உருவாக்க வேண்டும்.

செட்டிநாடும் அதன் காலமும்

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் காரைக்குடியைச் சூழ்ந்து அமைந்துள்ள ஊர்களின் தொகுதியே செட்டிநாடு. இங்கு வாழும் நகரத்தார், தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்னும் மரபைப் போற்றுகின்றனர். இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது ஊர்க் கோவில்களை அடிப்படையாகக் கொண்டு அவர்களின் குலப்பிரிவுகள் அமைந்துள்ளன.

19ஆம் நூற்றாண்டு இப்பகுதிக்குப் பெரும் துயருடன் தொடங்கியது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சிவகங்கைச் சீமை கம்பெனி ஆட்சிக்கு உட்பட்ட ஜமீன் ஆயிற்று. அரசியல் மாறிய அதே காலத்தில் வணிகத்தின் திசையும் மாறியது. இலங்கையிலும் வங்கத்திலும் வணிகம் செய்த நகரத்தார், 1826இல் முதலாம் ஆங்கிலேய – பர்மியப் போர் முடிந்தபின் பர்மாவின் கடற்கரைப் பகுதிகளிலும் கால் பதித்தனர். மலேயா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலும் அவர்களின் கிட்டங்கிகள் எழுந்தன.

கடல்கடந்து சென்ற ஆண்கள் திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆயின. வீட்டையும் பிள்ளைகளையும் உறவையும் ஊர்க்கடமையையும் பெண்களே தாங்கினர். திருமணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிடப்பட்டது. ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அறையும் தனி அடுப்பும் உண்டு. ஆகவே, மிக இளம் வயதிலேயே பெண்கள் தனிக் குடும்பப் பொறுப்பை ஏற்றனர். நெல் அவித்தல், குத்துதல், மாவு இடித்தல், வற்றல் இடுதல், நீர் இறைத்தல் என ஓயாத உழைப்பு அவர்களுடையது. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டு கட்டப்பட்ட மாளிகைகள் பெரும்பாலும் பிற்காலத்தவை. அவை எழுவதற்கு முந்திய தலைமுறைப் பெண்களின் உடையாகக் கண்டாங்கியைக் கருத வேண்டும். அது பகல் முழுவதும் பெண்ணுடன் சேர்ந்து உழைத்து, அந்தியில் அவளுடன் விளக்கின்முன் நின்ற சேலை.

கண்டாங்கியின் அமைப்பு

கண்டாங்கி என்பது தடித்த பருத்தி நூலால் நெய்யப்பட்ட, கட்டங்களோ கோடுகளோ கொண்ட, அகன்ற கரையுடைய சேலை. செங்கல் சிவப்பு, அரக்கு, கடுகு மஞ்சள், கருப்பு ஆகியன இதன் மரபான நிறங்கள். கோபுர வடிவில் கூர்ந்து செல்லும் கோபுரக்கரை, உருத்திராக்க மணிகளை வரிசையாக அடுக்கினாற்போன்ற உருத்திராக்கக்கரை முதலியவை இதன் கரை வகைகள். காரைக்குடிப் பகுதியில் தேவாங்கர் சமூகத்து நெசவாளர்கள் இச்சேலையை நெய்து வருகின்றனர்.

கட்டம் என்பது துணியின்மேல் வரையப்படும் ஓவியம் அன்று. துணியோடு சேர்ந்தே பிறக்கும் கணக்கு. நெடுக்காக ஓடும் இழைகள் பாவு எனவும் குறுக்காக ஓடும் இழைகள் ஊடை எனவும் பெயர் பெறும். பாவில் இத்தனை இழை சிவப்பு, இத்தனை இழை கருப்பு என எண்ணி நிறுத்துவர். அதே எண்ணிக்கையில் ஊடையிலும் நிறத்தை மாற்றிக்கொண்டே செல்வர். சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் கூடும் இடத்தில் முழுச்சிவப்பும், சிவப்பும் கருப்பும் கூடும் இடத்தில் இரண்டும் கலந்த இருண்ட நிறமும் தோன்றும். ஆகவே, இரு நிற நூல்களிலிருந்து மூன்று நிறங்கள் கண்ணுக்குக் கிடைக்கின்றன. ஊடையை நெருக்கும் கைவிசை சற்றே கூடினால் கட்டம் குட்டையாகும், குறைந்தால் நீண்டுவிடும். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் ஒரே சதுரமாக இருப்பதே நெசவாளரின் கைத்திறனுக்கு அளவுகோல்.

இந்நெசவு குழித்தறியில் நடைபெற்றது. நிலத்தில் தோண்டிய குழிக்குள் கால்களை வைத்து அமர்ந்து, மிதிகளை மாற்றி மாற்றி மிதித்து, நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடித்து நெய்தனர். கயிற்றை இழுத்தால் தானே ஓடும் விசைநாடா இப்பகுதித் தறிகளில் பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். நெய்வதற்கு முன் பாவை நீள விரித்துக் கஞ்சியிட்டு, தூரிகையால் நீவி உலர்த்தும் பாவாற்றும் பணிக்குக் குடும்பத்தினர் அனைவரும் கைகொடுத்தனர். நூலும் அக்காலத்தில் இராட்டையில் கையால் நூற்கப்பட்டதே. நூற்றோருள் பெரும்பாலோர் பெண்கள். எனவே, ஒரு பெண் உடுத்திய சேலைக்குப் பின்னால் பெயர் அறியப்படாத பல பெண்களின் உழைப்பு இருந்தது.

தெரியுமா?
சிலப்பதிகாரத்திற்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், துணிவகைகளாக 36 பெயர்களைத் தம் உரையில் தொகுத்துத் தந்துள்ளார். புகார் நகரில் பட்டு, மயிர், பருத்தி ஆகியவற்றைக் கொண்டு நெய்த காருகர் என்னும் நெசவாளர்களின் இருப்பிடம் தனியே இருந்ததை இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார்.

பின்கொசுவம்

செட்டிநாட்டுப் பெண்கள் கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்து உடுத்தினர். சேலையின் மடிப்புகளை முன்புறம் செருகாமல் இடுப்பின் பின்புறம் விசிறிபோல் நிற்கும்படி அமைத்து, எஞ்சிய பகுதியை உடலைச் சுற்றிக் கொணர்ந்து, முந்தானையைத் தோள்மீது இட்டு, அதன் நுனியை இடுப்பில் செருகுவர். ‘கொய்சகம்’ என்னும் பழஞ்சொல்லே ‘கொசுவம்’ என மருவியது என்பர்.

இவ்வுடுத்துமுறை அழகு கருதி மட்டும் அமைந்தது அன்று. மடிப்புகள் பின்னால் இருப்பதால் குனிந்து நிமிர்வதற்கும் அடுப்பின்முன் அமர்வதற்கும் தடை இல்லை. சேலையின் அகலம் குறைவு என்பதால் கரை கணுக்காலுக்கு மேலேயே நின்றது. முற்றத்து நீரிலும் களத்து மண்ணிலும் நடக்கும்போது அது நனைவதில்லை, தடுக்குவதும் இல்லை. அக்காலத்தில் உள்பாவாடை உடுத்தும் வழக்கம் இல்லாமையால், தடித்த நெசவும் பல சுற்றுகளும் தேவைப்பட்டன. அடர்ந்த நிறங்கள் கரியையும் மஞ்சள் கறையையும் மறைத்தன. உடையின் ஒவ்வொரு கூறும் உடுத்துபவரின் வேலையைக் கருதி உருவானது எனலாம்.

தமிழகத்துப் பெண்களிடையே ரவிக்கை அணியும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக இல்லை. முந்தானையே மேலுடையாகவும் விளங்கியது. ரவிக்கை பொதுவழக்கானது பிற்காலத்தில்தான். எனவே, ஒரு காலத்து உடையை மற்றொரு காலத்தின் அளவுகோலால் மதிப்பிடுதல் பொருந்தாது.

ஆயினும், எல்லாப் பெண்களுக்கும் தாம் விரும்பியவாறு உடுத்தும் உரிமை இருந்ததில்லை. இதே நூற்றாண்டின் முற்பாதியில், திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த இன்றைய கன்னியாகுமரிப் பகுதியில், ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் தோளை மறைத்து மேலாடை அணிவது தடுக்கப்பட்டது. அதனை எதிர்த்து நடந்த தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1859இல்தான் மேலாடை அணியும் உரிமையை அரசு அறிவித்தது. ஓரிடத்தில் வசதியின் பொருட்டு அமைந்த உடை, மற்றோரிடத்தில் மானத்தின் பொருட்டு நிகழ்ந்த போராட்டமாயிற்று. உடையின் வரலாற்றில் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நிறமும் விளக்கொளியும்

கண்டாங்கியின் நிறங்கள் மண்ணிலிருந்தும் மரஞ்செடிகளிலிருந்தும் பெறப்பட்டவை. செந்நிறத்தைத் தந்தது சாயவேர். சோழமண்டலக் கடற்கரையின் மணற்பாங்கான நிலங்களிலும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளிலும் இச்சிறு செடியின் வேரைத் தோண்டி எடுத்தனர். அவுரி நீலத்தைத் தந்தது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கருமையைத் தந்தன. நிறம் நூலில் பற்றிக்கொள்ளப் படிகாரம் பயன்பட்டது. ஒரே சாயவேரில் தோய்த்தாலும், படிகாரம் ஏற்றிய நூல் மட்டுமே சிவப்பை உறுதியாகப் பற்றும். வேதியியல் நூல்கள் இந்நாட்டுக்கு வருவதற்கு முன்பே சாயத்தொழிலாளர் அனுபவத்தால் கண்டறிந்த அறிவு இது.

இந்நிறங்கள் மாலைப்பொழுதில் சிறப்பாகத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. எண்ணெய் விளக்கின் ஒளியில் மஞ்சளும் செம்மையும் மிகுதி. நீலம் மிகக் குறைவு. அவ்வொளியில் நீலத்துணி கருமையாகத் தோன்றும். அரக்கும் செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும் பகலில் இருப்பதைவிட ஒளிகூடித் தோன்றும். பொன் அணிகலனும் அவ்வாறே. பகல் வெயிலில் அடங்கித் தெரிந்த அதே சேலை, அந்தி விளக்கின்முன் புதுப்பொலிவு பெற்றது. கூந்தலில் சூடிய மல்லிகையின் வெண்மையும், மாலையில் மலர்ந்து பரவும் அதன் மணமும் அக்கோலத்தை நிறைவு செய்தன. மாலைக்கெனத் தனி உடை இல்லாதபோதும், மாலைக்கெனத் தனி அழகு இருந்தது.

ஐரோப்பியப் பெண்களின் மாலையுடையும் ஒளியைக் கருதியே அமைந்தது. மெழுகுவர்த்தி ஒளியில் பளிச்சிடும் வெண்ணிற மஸ்லின் துணியையே அவர்கள் பெரிதும் விரும்பினர். மார்புக்குக் கீழே இறுக்கி, அங்கிருந்து பாதம்வரை தொங்கும் அவ்வுடைமீது காஷ்மீரச் சால்வையைப் போர்த்தினர். பிரெஞ்சுப் பேரரசி ஜோசபின் அத்தகைய சால்வைகள் பலவற்றை வைத்திருந்தார். மஸ்லினும் சால்வையும் இந்தியக் கைவினைஞரின் படைப்புகள். காஷ்மீரச் சால்வையைப் பின்பற்றி ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் நெய்யப்பட்ட வளைநுனி வடிவம் அந்நகரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. தமிழ் நெசவாளர் அதனை மாங்காய் என்பர்.

மங்கல மாலைகளும் அணிகலன்களும்

விழாக்கால மாலைகளில் பட்டும் பொன்னும் பெட்டியைவிட்டு வெளிவந்தன. திருமணத்திற்குக் கூறைச்சேலை உரியது. மயிலாடுதுறையை அடுத்த கூறைநாடு, பட்டும் பருத்தியும் கலந்த கட்டமிட்ட சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். நகரத்தார் திருமணத்தில் மணமகள் அணியும் தலையாய அணி கழுத்துரு. பல பொன் உருப்படிகளைச் சரட்டில் கோத்து அமைக்கப்படும் இவ்வணி மார்பை மறைத்துத் தொங்கும். திருமணத்திலும், கணவனின் அறுபதாம் ஆண்டு நிறைவுச் சடங்கிலும் இதனை அணிவர். 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கழுத்துரு ஒன்று நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது. பாண்டி நாட்டுப் பெண்கள் பலர் காது வளர்த்துப் பாம்படம், தண்டட்டி முதலிய கனத்த காதணிகளை அணிந்ததும் இக்காலத்திலேயே. அணிகலன் அழகுக்கு மட்டும் உரியது அன்று. கணவன் கடல்கடந்து இருக்கும்போது பெண்ணின் கையில் இருந்த சேமிப்பும் அதுவே.

மங்கல மாலைகளுள் பிள்ளையார் நோன்பு குறிப்பிடத்தக்கது. திருக்கார்த்திகையில் தொடங்கி, நாளுக்கு ஓர் இழையாகப் புதுத்துணியிலிருந்து 21 இழைகளை எடுத்துச் சேர்ப்பர். மார்கழித் திங்களில் சதயமும் சஷ்டியும் கூடும் நாளின் மாலையில் குடும்பத்தார் அனைவரும் ஒன்றுகூடுவர். அவ்விழைகளைத் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து நெய்யிட்டு ஏற்றுவர். மூத்தவர் அதனை எடுத்துத் தர, சுடரோடு வாங்கி உண்பர். ‘இழை எடுத்துக்கொள்ளுதல்’ என்பது இதன் பெயர். ஒரு துணியின் இழை விளக்கின் திரியாகி மக்களை ஒன்றிணைக்கும் இந்நோன்பு, கடல்கடந்து சென்ற இடங்களிலும் தொடர்ந்து கடைப்பிடிக்கப்படுகிறது.

கடல்கடந்த கட்டங்கள்

கண்டாங்கி உள்ளூர் உடுத்துக்காக நெய்யப்பட்டது. அதனோடு ஒத்த கட்டமிட்ட பருத்தித் துணிகளோ சோழமண்டலக் கடற்கரையிலிருந்து உலகெங்கும் சென்றன. சென்னைத் துறைமுகத்தின் பெயரால் ‘மதராஸ்’ என்றே அவை அழைக்கப்பட்டன. சதுரக் கைக்குட்டைகளாக நெய்யப்பட்ட அத்துணியை மேற்கிந்தியத் தீவுகளான மார்த்தினீக், குவாதலூப் முதலிய இடங்களில் ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள் தலையில் கட்டினர். அடிமைத்தளையில் வாழ்ந்த அப்பெண்கள், கட்டும் முறையினாலேயே தம் தனித்தன்மையை வெளிப்படுத்தினர். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள், அத்துணியிலிருந்து சில இழைகளை மட்டும் வெட்டி உருவிப் புதிய வடிவங்களை உண்டாக்கினர். தமிழகத்துத் தறியில் ஒருவர் எண்ணி வைத்த இழையை, கடலுக்கு அப்பால் மற்றொருவர் எண்ணி எடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும், ஒரே துணியில் இருவர் கைத்திறனும் பதிந்துள்ளது.

மாறிய காலம்

1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம், இந்திய வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த தனியுரிமையை நீக்கியது. இங்கிலாந்து ஆலைகளின் துணியும், அதனைத் தொடர்ந்து ஆலை நூலும் இந்தியச் சந்தைகளில் வந்து குவிந்தன. முதலில் வேலை இழந்தோர் கையால் நூல் நூற்ற பெண்கள். மெல்லிய ஆலைத்துணிக்குப் போட்டியாக நிற்க முடியாமல் தறிகள் பலவும் நின்றன. உள்ளூர்ப் பெண்களின் விருப்பத்தையும் உடுத்துமுறையையும் அறிந்து நெய்யப்பட்ட தடித்த சேலைகளை ஆலைகளால் எளிதில் வெல்ல இயலவில்லை. கண்டாங்கி நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

நிறங்களும் மாறின. 1856இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்னும் இளைஞர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். 1869 முதல் செந்நிறச் சாயமும் 1897 முதல் நீலச் சாயமும் ஆலைகளில் உருவாகி விற்பனைக்கு வந்தன. சாயவேரைத் தோண்டியோரும் அவுரி பயிரிட்டோரும் தொழிலை இழந்தனர். உடுத்துமுறையும் மாறியது. ரவிக்கையும் உள்பாவாடையும் பரவின. மடிப்பு முன்புறம் வந்தது. சேலையின் அகலம் கூடிக் கரை பாதத்தைத் தொட்டது. பட்டும் செயற்கை இழையும் செல்வாக்குப் பெற, கண்டாங்கி மூதாட்டியரின் உடை எனக் கருதப்படலாயிற்று.

இழையைக் காத்தல்

கண்டாங்கியின் தனித்தன்மையை உணர்ந்தோரின் முயற்சியால் அது மீண்டும் மதிப்புப் பெற்று வருகிறது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. குறிப்பிட்ட இடத்தில், மரபான முறையில் உருவாகும் பொருளுக்கு மட்டுமே அப்பெயரை வழங்கலாம் என்னும் சட்டப் பாதுகாப்பை இது தருகிறது. திண்டுக்கல் பூட்டும் பழனிப் பஞ்சாமிர்தமும் இச்சிறப்பைப் பெற்றது அதே திங்களில்தான்.

சட்டத்தால் பெயரைக் காக்க முடியும். தறியை இயக்கும் கையைக் காக்க வாங்குவோரால்தான் முடியும். பல நாள் உழைப்பில் உருவாகும் கைத்தறிச் சேலையின் கட்டத்தை விசைத்தறி சில மணி நேரத்தில் நெய்து, குறைந்த விலைக்குத் தருகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். நெசவாளரின் பிள்ளைகள் வேறு தொழிலை நாடிச் செல்வது இயல்பாகிவிட்டது. கல்வி பெற்று அவர்கள் உயர்வது வரவேற்கத்தக்கதே. அதே வேளையில், எழுத்தில் பதியாத இழைக்கணக்கு கற்போர் இல்லாமல் மறைந்துவிட்டால், அதனை மீட்க வேறு ஏடு இல்லை. நெசவைத் தொடர்வோர் நெசவினாலேயே வாழ முடிகின்ற நிலை இருந்தால்தான் அக்கல்வி அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.

பேரரசியின் மாலையுடை அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. செட்டிநாட்டு ஆச்சியின் மாலைச்சேலையோ நைந்து, திரியாகி, எரிந்து தீர்ந்துவிட்டது. ஆனால், அதே கட்டமும் அதே கரையும் காரைக்குடித் தறிகளில் இன்றும் உருவாகின்றன. பேழைக்குள் காக்கப்படும் உடையை எவரும் உடுத்த இயலாது. தறியில் காக்கப்படும் உடையை இனிவரும் பெண்களும் உடுத்தலாம்.

சொல்லும் பொருளும்

பாவு – துணியில் நெடுக்காக ஓடும் இழை. ஊடை – குறுக்காக ஓடும் இழை. நாடா – ஊடை நூலைத் தாங்கிச் செல்லும் நெசவுக் கருவி. பாவாற்றுதல் – பாவு நூலுக்குக் கஞ்சியிட்டு நீவி உலர்த்துதல். கிட்டங்கி – வணிகர் தங்கித் தொழில் செய்யும் இடம். கொய்சகம் – சேலையின் மடிப்பு. காருகர் – நெசவாளர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் அல்லது தெருவில் உள்ள மூத்த பெண்களிடம், அவர்களின் இளமைக்காலத்துச் சேலை வகைகள், உடுத்துமுறைகள், கரைப் பெயர்கள் ஆகியவற்றைக் கேட்டறிந்து தொகுக்க.

2. உங்கள் மாவட்டத்தில் நெய்யப்படும் துணிவகை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் நெசவுமுறையையும் இன்றைய நிலையையும் பற்றி ஒருபக்க அளவில் எழுதுக.

3. ‘கைத்தறியைக் காக்க வேண்டியது அரசா, மக்களா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.